வைரல் லோடு இல்லை, ஆனாலும் ஆர்.என்.ஏ. இருக்கிறதா?

கேள்வி: எனக்கு வயது 41. பல ஆண்டுகளாக எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறேன். ரத்தத்தில் எச்.ஐ.வி. ‘கண்டறியப்படவில்லை’ என்றே ரிப்போர்ட் வருகிறது. ஆனால் செல்லுக்குள் வைரஸின் மரபுச் செய்தியைத் தாங்கும் ஆர்.என்.ஏ. இழை உருவாகலாம் என்று படித்தேன். மருந்து வேலை செய்யவில்லையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: மருந்து நன்றாகவே வேலை செய்கிறது. நீங்கள் படித்ததும் சரிதான்.

நீங்கள் சாப்பிடுவது வழக்கமான மூன்று மருந்துக் கூட்டாக இருந்தால், டெனோஃபோவிரும் லாமிவுடினும் வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றுவதைத் தடுக்கின்றன. டோலுடெக்ராவிர் அந்த டி.என்.ஏ. நம் மரபணுத்தொகுதிக்குள் நுழைவதைத் தடுக்கிறது. சிகிச்சைக்கு முன்பே நுழைந்துவிட்டதை இவை தொடுவதில்லை.

அப்படி நுழைந்த டி.என்.ஏ.வை நம் செல் தன் சொந்த மரபணுவாகவே நினைத்துக்கொள்கிறது. அதிலிருந்து சுமார் 9,000 எழுத்து நீளமுள்ள ஒரே ஆர்.என்.ஏ. இழையைப் படியெடுத்து, தலையில் தொப்பியும் கடைசியில் வாலும் சேர்க்கிறது. பிறகு அதைப் பல விதமாக வெட்டி ஒட்டுகிறது. ஒரே இழையிலிருந்து 40-க்கும் மேற்பட்ட வகைகள் கிடைக்கின்றன. இவ்வளவு சிறிய வைரஸுக்கு இது அபாரமான சிக்கனம்!

ஆனால் வைரஸுக்கு வெட்டாத முழு இழையும் வேண்டும். புதிய வைரஸுக்குள் மரபுப் பொருளாகப் போவது அதுதான். வெட்டி முடிக்காத இழையை உட்கருவிலிருந்து வெளியே விடுவது செல்லின் வழக்கம் அல்ல. இங்கேதான் எச்.ஐ.வி.யின் சாமர்த்தியம். முழுதாக வெட்டப்பட்ட சிறு இழைகள் முதலில் வெளியேறி ‘ரெவ்’ என்ற புரதத்தை உருவாக்குகின்றன. ரெவ் உட்கருவுக்குத் திரும்பி, முழு இழையைப் பற்றிக்கொண்டு, செல்லின் ஏற்றுமதிப் புரதம் ஒன்றின் துணையோடு வெளியே கொண்டுவருகிறது. இந்தக் கட்டத்தைத் தடுக்கும் மருந்து எதுவும் இன்னும் சிகிச்சைக்கு வரவில்லை.

பயப்பட வேண்டாம். ஒளிந்திருக்கும் வைரஸ் டி.என்.ஏ.வில் பெரும்பகுதி பழுதானது, அதிலிருந்து ஆர்.என்.ஏ. வந்தாலும் முழு வைரஸ் உருவாகாது. நல்ல நிலையில் உள்ள சிலவற்றிலிருந்து வைரஸ் வெளிவந்தாலும், மாத்திரை இருக்கும்வரை அது அடுத்த செல்லைப் பிடிக்க முடியாது. வைரல் லோடு பரிசோதனை அளப்பது ரத்தத்தில் மிதக்கும் வைரஸை. செல்லுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ.வை அல்ல. ‘கண்டறியப்படவில்லை’ என்ற நிலை நீடிக்கும்வரை உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றும் பரவாது.

மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் திரும்பிவிடும். தூக்கமின்மை, எடை கூடுதல் போன்ற தொல்லைகள் இருந்தால் ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லுங்கள், மருந்தை மாற்ற வழி உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள்.