இரண்டு லேன் கார்டு போட்டால் இன்டர்நெட் ஏன் நின்றுபோகிறது?

கேள்வி: குளச்சலில் மீன்வலை, படகு உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். பில் போடும் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 இருக்கிறது. மதர்போர்டில் உள்ள லேன் போர்ட்டில் பிராட்பேண்ட் வருகிறது. கேமரா பதிவுப் பெட்டியை (என்விஆர்) அதே கம்ப்யூட்டரில் பார்க்க, தனியாக ஒரு லேன் கார்டு வாங்கிப் போட்டேன். கேமரா கேபிளைச் சொருகியதும் இன்டர்நெட் நின்றுவிடுகிறது, உருவினால் வந்துவிடுகிறது. கார்டு பழுதா?

பதில்: கார்டில் குறை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மாற்றுவதற்கு முன் இரண்டு கேபிளையும் சொருகி வைத்து, கமாண்ட் பிராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளை கொடுத்துப் பாருங்கள். இரண்டு கார்டுக்கும் 192.168.1 என்றே முகவரி தொடங்கினால் அது ஒரு கோளாறு. இரண்டிலும் டிஃபால்ட் கேட்வே இருந்தால் அது இன்னொரு கோளாறு. பல கடைகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

கேட்வே என்பது வெளியுலகத்துக்குப் போகும் வழி. இரண்டு வழி இருந்தால் விண்டோஸ் மெட்ரிக் எனும் முன்னுரிமை எண் குறைந்ததைத்தான் எடுக்கும். தானாகப் போட விட்டால் 1 ஜிபிபிஎஸ் இணைப்புக்கு 25, 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 35 என்று போடும். பிராட்பேண்ட் பெட்டியின் போர்ட் 100, புதுக் கார்டின் இணைப்பு 1000 (அதாவது 1 ஜிபிபிஎஸ்) என்றால் இன்டர்நெட் போக்குவரத்து முழுக்க என்விஆர் பக்கம் போய் அங்கேயே நின்றுவிடும். முகவரி வரிசை ஒன்றாக இருந்தாலும் இதே கதைதான். தளத்தின் பெயரைக் கேட்டு அதன் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் பெரும்பாலும் ரவுட்டரின் முகவரியாகவே இருப்பதால், அந்தக் கேள்வியும் கேமரா கேபிளில் போய்விடும். பதில் வராது, எந்தத் தளமும் திறக்காது.

முதலில் முகவரியைப் பிரியுங்கள். கேமராக்கள் என்விஆரின் பின்பக்க பிஓஇ (அதே கேபிளில் மின்சாரமும் தரும்) போர்ட்களிலேயே சொருகியிருந்தால் அவற்றுக்குத் தனி உள்வலை உண்டு. என்விஆரின் லேன் முகவரியை மட்டும் 192.168.50.2 என்று மாற்றினால் போதும். தனி பிஓஇ ஸ்விட்ச் வழியாக வந்தால் ஒவ்வொரு கேமராவிலும், என்விஆரின் கேமரா பட்டியலிலும் மாற்ற வேண்டிவரும். அந்த நிலையில் ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.5.1 ஆக்கிவிடுவதே நல்லது. வேலை ஓரிடத்தில் முடியும். நிலையான ஐபி போட்ட பிரிண்டர் இருந்தால் அதை மட்டும் மறக்காமல் மாற்றுங்கள். இந்த வழியில் போனால் கீழே சொல்லும் 50 வரிசைக்குப் பதில் உங்கள் கேமரா வரிசையையே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஸ்டார்ட் மெனுவில் வியூ நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் என்று தேடித் திறங்கள். ஒரு கேபிளை உருவினால் எந்தக் கார்டில் சிவப்புப் பெருக்கல் குறி விழுகிறது என்று பார்த்து, இரண்டுக்கும் ‘இன்டர்நெட்’, ‘கேமரா’ என்று பெயர் வையுங்கள். பின்னாளில் சர்வீஸுக்கு வருபவர் குழம்பமாட்டார். ‘கேமரா’ கார்டின் ப்ராப்பர்ட்டீஸில் ஐபி வெர்ஷன் 4-ஐத் திறந்து ஐபி 192.168.50.10, சப்நெட் மாஸ்க் 255.255.255.0 கொடுங்கள். கேட்வே கட்டத்தையும் டிஎன்எஸ் கட்டங்களையும் காலியாக விடுங்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: கட்டம் காலியாக இருக்கிறதே என்று என்விஆரின் முகவரியைக் கேட்வேயாகப் போட்டுவிடுகிறார்கள். அட்வான்ஸ்டு போய் ஆட்டோமேட்டிக் மெட்ரிக் டிக்கை எடுத்து 50 கொடுத்து வைப்பதும் பாதுகாப்பு. ‘இன்டர்நெட்’ கார்டைத் தானாக முகவரி வாங்கும்படி விட்டுவிடுங்கள். இரண்டு கார்டையும் சேர்த்துப் பிடித்து பிரிட்ஜ் மட்டும் செய்யாதீர்கள், பிரித்த வலை மறுபடி ஒன்றாகிவிடும்.

பிங் (ping) கட்டளை கொடுத்து 192.168.50.2 பதில் தருகிறதா என்று பாருங்கள். ரூட் பிரிண்ட் (route print) கட்டளையில், ஐபிவி4 பட்டியலில் 0.0.0.0 என்று தொடங்கும் வரி ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். ‘கேமரா’ கார்டில் அன்ஐடென்டிஃபைடு நெட்வொர்க் என்று காட்டும். கேட்வே இல்லாத கார்டுக்கு அது இயல்பு, பழுதல்ல.

ஒன்றைத் தெரிந்தே செய்யுங்கள். இப்படிப் பிரித்தால் என்விஆருக்கு இன்டர்நெட் கிடையாது, செல்போனில் வெளியிலிருந்து கேமரா பார்க்க முடியாது. அது வேண்டுமென்றால் என்விஆரை நேராக ரவுட்டரில் சொருகுங்கள், இரண்டாவது கார்டே தேவையில்லை. கேமராவைப் பில் கம்ப்யூட்டரில் மட்டும் பார்ப்பதானால் பிரித்து வைப்பதுதான் பாதுகாப்பு. ஆனால் என்விஆரின் கடிகாரம் மெல்ல விலகும். மாதம் ஒருமுறை நேரம் சரிபாருங்கள், திருட்டு நடந்தால் பதிவில் உள்ள நேரத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

கடலோரக் கடை என்பதால் கேபிளையும் கவனியுங்கள். உப்புக்காற்றில் ஆர்ஜே 45 முனையின் பித்தளை நிறப் பற்கள் கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்யுங்கள். அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவுக் கேபிள் வேண்டாம், முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். வெளிச்சுவரில் ஓடும் கேமரா கேபிள் வழியாக இடி இறங்கும் ஆபத்தும் உண்டு. அதனால் கேமரா பக்கத்தைத் தனிக் கார்டில் வைத்ததே சரி. அடிபட்டால் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் முதலில் போவது அந்தக் கார்டாக இருக்கும். ஐப்பசி இடிமழை நேரத்தில் கடை பூட்டும்போது ‘கேமரா’ கார்டில் சொருகிய அந்த ஒரு கேபிளை உருவி வைத்துவிட்டுப் போங்கள். பதிவு என்விஆரில் நடப்பதால் நிற்காது.