கடல் வாசலில் இருக்கிறது, சரி, ஊரணி எங்கே?

கேள்வி: கடல் எங்கள் வாசலிலேயே இருக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய ஆலை ஒன்றை அரசு அமைத்துவிட்டால் ராமநாதபுரத்தின் தண்ணீர்ப் பஞ்சம் ஒரேயடியாகத் தீர்ந்துவிடும். அதை வலியுறுத்தாமல் ஊரணி (ஊர்க் குடிநீர்க் குளம்), கண்மாய் (பாசன ஏரி) என்று தாத்தா காலத்துக் கதையையே ஏன் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்? எங்கள் ஊர் ஊரணியில் இப்போது குப்பைதான் கிடக்கிறது.
– ஒரு வாசகர், சாயல்குடி

பதில்: கடைசி வாக்கியத்தை எங்களுக்கு எதிரான வாதமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒப்புதல் வாக்குமூலமாகவே படுகிறது.

ஆலை வேண்டாம் என்று நாங்கள் ஒருபோதும் எழுதியதில்லை. ஆனால் அதைப் புதிய யோசனையாக முன்வைக்கும் நீங்கள், உங்கள் வட்டாரத்திலேயே இருக்கும் நரிப்பையூரை மறந்தது வியப்பாக இருக்கிறது. நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் குடிநீர் தரும் திறனுடன், தொண்ணூறுகளின் இறுதியில், அங்கே அப்படியோர் ஆலை வந்தது, நீடித்து ஓடவில்லை. கடல்நீரில் ஆயிரம் லிட்டரைக் குடிநீராக்க இன்றைய நல்ல இயந்திரங்களுக்கே மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். உப்பைப் பிரிக்கும் சவ்வுகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உப்புக்காற்று அரிக்கும் குழாய்களையும் மோட்டார்களையும் ஓயாமல் பழுதுபார்க்க வேண்டும். கட்டுவதற்குப் பணம் ஒதுக்குவது எளிது. பத்தாம் ஆண்டின் மின்கட்டணத்தை யார் கட்டுவது என்பதற்கு விடை இல்லாமல் கட்டப்படும் எந்த ஆலையும், எவ்வளவு பெரியதானாலும், நரிப்பையூரின் வழியில்தான் போகும்.

வெளியிலிருந்து வரும் தண்ணீரின் கதையும் இதுவே. திருச்சிக்கு அருகே காவிரியில் எடுத்து, புதுக்கோட்டையையும் சிவகங்கையையும் கடந்து நம்மிடம் வரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில், வழியில் எங்கே குழாய் உடைந்தாலும் மின்சாரம் நின்றாலும் காய்வது கடைசியில் இருக்கும் நம் குடங்கள்தாம். வைகைப் பங்கீட்டில் ராமநாதபுரத்துக்கு ஏழு, சிவகங்கைக்கு மூன்று, மதுரைக்கு இரண்டு என்று கணக்கு இருக்கிறது. ஏழு பங்கு இருந்தும் கண்மாய் காய்ந்து கிடந்த ஆண்டுகளை நீங்களே எண்ணிப் பாருங்கள். காவிரி வெள்ளத்தைக் குண்டாறு வரை கொண்டுவரும் 14,400 கோடி ரூபாய்க் கால்வாய்த் திட்டத்துக்கு 2021இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதிலும் குண்டாறு கடைசிக் கட்டத்தில்தான் வருகிறது.

இனி தாத்தா கதைக்கு வருவோம். தனுஷ்கோடி மணலில் கடலுக்குச் சில நூறு அடி தள்ளி, கையால் பள்ளம் தோண்டிச் சிரட்டையால் நல்ல தண்ணீர் மொண்டு குடிக்கிறார்களே, அது அதிசயமன்று. மணலில் இறங்கிய மழைநீர், எடை குறைந்தது என்பதால், கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. அந்த நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால் அடியிலிருக்கும் உப்பு ஏறத்தாழ நாற்பது அடி மேலேறும் என்பது நிலத்தடி நீர் இயலின் பழைய கணக்கு. சிரட்டை அந்த மட்டத்தைக் குலைக்காது. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் குலைத்துவிடும். கடலோரத்தில் நேற்றுவரை இனித்த கிணறு இன்று கரிப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஊரணியும் இதே அறிவில் பிறந்ததுதான். ஒரு ஏக்கர் பரப்பும் பத்தடி ஆழமும் உள்ள ஊரணி, கரைச் சரிவைக் கழித்தாலும், ஒரு கோடி லிட்டர் கொள்ளும். மூன்றில் இரண்டு பங்கை வெயிலும் மண்ணும் குடித்துவிட்டாலும், ஆயிரம் பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் தலைக்குப் பத்து லிட்டர் வீதம் பதினொரு மாதம் வரும். அதற்குள் அடுத்த ஐப்பசி மழை வந்துவிடும். குளிப்பதும் துவைப்பதும் மாடு இறக்குவதும் கூடாது என்ற கட்டுப்பாட்டை ஊரே காவல் காத்தது. கலங்கிய நீரைக் குடத்தில் தேற்றாங்கொட்டை உரைத்துத் தெளியவைத்தார்கள். (இன்று அது போதாது, வடிகட்டிக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். பழையது என்பதற்காகவே எல்லாம் தூய்மையாகிவிடாது.)

குழாய் வந்ததும் கட்டுப்பாடு போயிற்று. மழைநீரை ஊரணிக்குக் கொண்டுவரும் வரத்துக்கால் மேல் வீடு வந்தது, சீமைக்கருவேலம் வந்தது, பிறகு குப்பையும் வந்தது. அதைவிடக் கொடுமை, ஊரணியைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிப் பொக்லைனை இறக்கி அளவில்லாமல் ஆழப்படுத்துவது. அடியில் நீரைத் தாங்கி நிற்கும் களிமண் படிவத்தை வெட்டிவிட்டால் நீர் நிற்காது. உப்புப் படிவத்தைத் தொட்டுவிட்டால் நின்ற நீரும் வாயில் வைக்க முடியாததாகிவிடும். வெட்டிய மண்ணின் கன அளவுக்குப் பணம் கொடுக்கும் வழக்கத்தில், எங்கே நிறுத்துவது என்று தெரிந்த ஊர்ப் பெரியவரின் சொல்லுக்கு விலையே இல்லை.

கொள்கையிலும் நாம் உறுதியாக இருந்ததில்லை. நிலத்தடி நீரை முறைப்படுத்த 2003இல் தமிழகம் ஒரு சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கே வராமல் 2013இல் நீக்கப்பட்டது.

ஆலையைக் கேளுங்கள், நாங்களும் சேர்ந்து கேட்கிறோம். கூடவே, வரும் மார்ச் 22 தண்ணீர் தினக் கிராமசபையில் உங்கள் ஊரணியின் சர்வே எண்ணையும், அதைவிட முக்கியமாக அதன் வரத்துக்காலின் சர்வே எண்ணையும் தீர்மானத்தில் எழுத வையுங்கள். அந்த வரத்துக்கால் எந்த வீட்டுச் சுவருக்கு அடியில் போயிருக்கிறது என்பது தெரிந்ததும், யார் யார் எழுந்து போகிறார்கள் என்பதை எங்களுக்கு எழுதுங்கள், வெளியிடுகிறோம்.