தள்ளிப்போகும் கையகப்படுத்தல்: ஊகங்களை எப்படிப் படிப்பது?

வீடியோ கேம் துறையில் ஒரு பெரிய நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கப்போவதாக அறிவித்துவிட்டு, அந்த ஒப்பந்தம் மாதக்கணக்கில் இழுபடும்போது கிளம்பும் வதந்திகளைப் பற்றி வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். மைக்ரோசாப்ட் நிறுவனம் ஆக்டிவிஷன் பிளிஸார்டை வாங்கியதையே பெரும்பாலானோர் குறிப்பிட்டிருப்பதால், பதில்களும் அதையே சுற்றி அமைகின்றன.

கேள்வி: 2022 ஜனவரி 18 அன்று அறிவிக்கப்பட்ட ஒப்பந்தம் 2023 அக்டோபர் 13 அன்றுதான் நிறைவேறியது. வாங்குபவரும் விற்பவரும் சம்மதித்த பிறகும் ஏன் இவ்வளவு தாமதம்? (கல்லூரி மாணவர் ஒருவர்)

பதில்: 6,870 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தத்துக்கு இரு தரப்பின் சம்மதம் தொடக்கம் மட்டுமே. சந்தையில் போட்டி குன்றிவிடுமா என்பதை அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், பிரிட்டனின் போட்டி ஆணையம், ஐரோப்பிய ஆணையம் ஆகியவை தனித்தனியே, தத்தம் கால அட்டவணைப்படி ஆராய்ந்தன. அவற்றின் கவலைகளும் ஒன்றாக இருக்கவில்லை. அமெரிக்க ஆணையத்தின் வழக்கில், ஆக்டிவிஷனின் ‘கால் ஆஃப் டூட்டி’ விளையாட்டு, மைக்ரோசாப்டின் போட்டியாளரான சோனியின் பிளேஸ்டேஷன் கன்சோலுக்கு (டிவியில் இணைத்து விளையாடும் கருவி) கிடைக்காமல் போகுமோ என்ற அச்சம் மேலோங்கியிருந்தது. பிரிட்டன் இறுதியில் பிடித்துக்கொண்டதோ, இணையம் வழியே விளையாட்டை நேரடியாக அனுப்பும் கிளவுட் கேமிங் சந்தையை.

ஊகம் எங்கே சறுக்கியது என்பதை இங்கேயே காணலாம். கன்சோல் சந்தை குறித்த தன் கவலையைக் கைவிடுவதாக 2023 மார்ச் மாதம் பிரிட்டன் ஆணையம் அறிவித்ததும், இனி அனுமதி உறுதி என்று பலரும் எழுதினார்கள். கிளவுட் பற்றிய கவலை நீடிக்கிறது என்று அதே அறிவிப்பில் இருந்ததைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. ஏப்ரல் 26 அன்று அதே காரணத்தைச் சொல்லி ஆணையம் ஒப்பந்தத்துக்குத் தடை விதித்தது. மூன்று வாரங்களுக்குள், மே 15 அன்று, ஐரோப்பிய ஆணையம் அதே கிளவுட் சிக்கலுக்கு, ஆக்டிவிஷன் விளையாட்டுகளைப் பிற கிளவுட் சேவைகளிலும் விளையாட அனுமதிக்கும் பத்தாண்டு உரிம வாக்குறுதிகள் போதும் என்று ஏற்று அனுமதி தந்தது. ஓர் ஆணையத்தின் முடிவை வைத்து இன்னோர் ஆணையத்தின் முடிவைக் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கேள்வி: ஒப்பந்தம் நிறைவேறுமா என்பதைப் பங்கு விலையே காட்டிவிடும் என்கிறார்களே, அது உண்மையா? (பங்குச் சந்தையைக் கவனித்துவரும் வாசகி)

பதில்: ஓரளவு காட்டும். ஆனால் அந்த விலையை எப்படிப் படிப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பங்கு ஒன்றுக்கு 95 டாலர் ரொக்கமாகத் தருவதாக மைக்ரோசாப்ட் ஒப்புக்கொண்டிருந்தது. அறிவிப்புக்கு முன் ஆக்டிவிஷன் பங்கு 65 டாலர் அளவில் இருந்தது. பிரிட்டன் தடை விதித்த நாளில் அது 86 டாலருக்கு மேலிருந்து 77 டாலருக்குக் கீழே, அதாவது ஒரே நாளில் 11 விழுக்காட்டுக்கும் அதிகமாகச் சரிந்தது.

அந்த 77 டாலரை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தம் முறிந்தால் பங்கு மீண்டும் 65 டாலருக்கே போகும் என்று கொண்டால், மொத்த இடைவெளி 30 டாலர். அதில் 12 டாலரைச் சந்தை தக்கவைத்திருப்பதால், நிறைவேறும் வாய்ப்பு 40 விழுக்காடு என்று கணக்கு வரும். ஆனால் ஆக்டிவிஷன் பிளிஸார்டின் புதிய விளையாட்டான ‘டயப்லோ 4’ வெளியாகவிருந்த அந்த நேரத்தில், மைக்ரோசாப்ட் விலகினாலும் இந்த நிறுவனம் தனித்தே 72 டாலர் பெறும் என்று ஒருவர் கருதியிருந்தால், அதே 77 டாலரிலிருந்து அவருக்குக் கிடைக்கும் விடை (23 டாலர் இடைவெளியில் 5 டாலர்) ஏறத்தாழ 22 விழுக்காடுதான். ஒப்பந்தம் இல்லாவிட்டால் நிறுவனத்தின் மதிப்பு என்ன என்ற கேள்விக்கு விடை சொல்லாமல், சந்தை இத்தனை விழுக்காடு நம்புகிறது என்று மட்டும் யாராவது எழுதினால், அதை நான் பாதிக் கணக்காகவே கொள்வேன்.

இந்த இடைவெளியில் லாபம் தேடுவதையே தொழிலாகக் கொண்டவர்களும் உண்டு. அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்தவே நிறுவனம் ஆக்டிவிஷனில் சுமார் 9.5 விழுக்காட்டுப் பங்கை வைத்திருப்பதாக அவரே 2022இல் தம் பங்குதாரர் கூட்டத்தில் சொன்னார். ஒப்பந்தம் நிறைவேறுவதற்கு முன்பே அந்நிறுவனம் அதில் பெரும்பகுதியை விற்றுவிட்டது. நீண்டகாலச் சேமிப்பை வைத்துக்கொண்டு இந்தப் பந்தயத்தில் இறங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன்.

கேள்வி: ஆக்டிவிஷன் ஒப்பந்தத்தை முடிக்க வைத்திருந்த 2023 ஜூலை 18 கெடு கடந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கெடு என்பதற்கு அப்படியானால் பொருள் என்ன?

பதில்: அந்தத் தேதி கடந்தால் எந்தத் தரப்பும் விலகிக்கொள்ளலாம் என்பதே அதன் பொருள், கட்டாயம் விலக வேண்டும் என்பதல்ல. அடுத்த நாளே கெடு அக்டோபர் 18 வரை நீட்டிக்கப்பட்டது. கவனிக்க வேண்டியது நீட்டிப்பின் நிபந்தனைகளை. அனுமதி கிடைக்காமல் ஒப்பந்தம் முறிந்தால் மைக்ரோசாப்ட் செலுத்த வேண்டிய தொகை 300 கோடி டாலராக இருந்தது. அது ஆகஸ்ட் இறுதிக்குப் பின் 350 கோடியாகவும், செப்டம்பர் நடுப்பகுதிக்குப் பின் 450 கோடியாகவும் உயர்த்தப்பட்டது. கைவிட நினைக்கும் நிறுவனம் தன் அபராதத்தைத் தானே உயர்த்திக்கொள்ளச் சம்மதிக்காது. கெடு நீட்டிக்கப்படுவதற்கு ஒரு வாரம் முன்புதான் நீதிபதி ஜாக்குலின் ஸ்காட் கார்லி அமெரிக்க ஆணையம் கோரிய தடையாணையை மறுத்திருந்தார். ஆகஸ்டில், அடுத்த 15 ஆண்டுகளில் வெளியாகும் ஆக்டிவிஷன் விளையாட்டுகளுக்கு, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே உள்ள கிளவுட் உரிமைகளை யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனத்திடம் விற்க மைக்ரோசாப்ட் முன்வந்தது. அதன் பிறகே பிரிட்டனின் கதவு திறந்தது.

கேள்வி: நிறுவனத் தலைவர்கள் பொதுவெளியில் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பதில்: அவர்களுக்கும் இதில் சொந்த நலன் உண்டு என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். சோனியின் பிளேஸ்டேஷன் பிரிவுத் தலைவராக இருந்த ஜிம் ரயன் இந்த ஒப்பந்தத்தைக் கடுமையாக எதிர்த்தார். ஆனால் அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே அவர் எழுதிய ஒரு மின்னஞ்சல், அமெரிக்க ஆணையத்தின் வழக்கு விசாரணையின்போது நீதிமன்றத்தில் வெளியானது. இது மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கு மட்டும் விளையாட்டுகளை ஒதுக்கிவைக்கும் முயற்சி அல்ல என்றும், ‘கால் ஆஃப் டூட்டி’ பிளேஸ்டேஷனில் இன்னும் பல ஆண்டுகள் தொடரும் என்றும் அதில் அவர் குறிப்பிட்டிருந்தார்.

அதே விசாரணையில் சோனி அளித்த ஆவணத்தில் ரகசிய எண்கள் கறுப்பு மார்க்கர் பேனாவால் அழிக்கப்பட்டிருந்தன. ஸ்கேன் செய்தபோது கறுப்பு மையின் அடியில் எழுத்துகள் தெரிந்துவிட்டதால், சோனியின் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ விளையாட்டின் இரண்டாம் பாகத்தைத் தயாரிக்கச் சுமார் 22 கோடி டாலர் செலவானதை உலகமே அறிந்தது. ஓராண்டு ஊகங்கள் தராத தெளிவை அந்த ஒரு வார விசாரணை தந்தது.

கேள்வி: தாமதமானாலும் கடைசியில் நிறைவேறிவிடும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. 2008 பிப்ரவரியில் டேக்-டூ என்ற கேம் நிறுவனத்தை வாங்க, பங்கு ஒன்றுக்கு 26 டாலர் தருவதாக இன்னொரு கேம் நிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அறிவித்தது. தன் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4’ விளையாட்டு ஏப்ரலில் வெளியாகவிருந்த நிலையில், அந்த விலை குறைவு என்று டேக்-டூ மறுத்தது. பங்குதாரர்களை நேரடியாக அணுகிய எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், காலக்கெடுவை மீண்டும் மீண்டும் நீட்டித்தது. ஒவ்வொரு நீட்டிப்பும் விலை உயரப்போகிறது என்ற ஊகத்தைக் கிளப்பியது, விலை உயரவேயில்லை. ஆண்டிறுதி விற்பனைக் காலத்துக்குள் இரு நிறுவனங்களையும் இணைத்துவிட முடிந்தால்தான் வாங்குபவருக்கு ஆதாயம் என்றிருந்ததால், நாள் கடக்கக் கடக்க அதன் ஆர்வம் குறைந்தது. செப்டம்பர் 14 அன்று பேச்சு முறிந்தது. இங்கே இழுபறி எதிர்ப்பின் விளைவு. மைக்ரோசாப்டின் விஷயத்தில் அது அனுமதிக்கான காத்திருப்பு. ஆகவே, யார் காத்திருக்கிறார், அந்தக் காத்திருப்பால் யாருக்கு நஷ்டம் என்பதை முதலில் பாருங்கள்.

கேள்வி: நான் பணிபுரியும் கேம் நிறுவனத்தை வேறொரு நிறுவனம் வாங்கப்போகிறது. மாதங்களாக எதுவும் தெரியவில்லை. நாங்கள் என்ன செய்வது? (பெயர் வெளியிட விரும்பாதவர்)

பதில்: உங்கள் கவலை நியாயமானது. பங்கு விலையைப் பற்றிப் பேசுபவர்களில் பலர் உங்களைப் போன்றவர்களை நினைப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி. ஆக்டிவிஷன் ஒப்பந்தம் நிறைவேறி மூன்று மாதங்களுக்குப் பின், 2024 ஜனவரியில், மைக்ரோசாப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரைப் பணிநீக்கம் செய்தது. பிளிஸார்டில் பல ஆண்டுகள் உருவாகிவந்த ஒரு விளையாட்டும் அத்துடன் கைவிடப்பட்டது. நிறைவேறும் நாளுடன் உங்கள் காத்திருப்பு முடியும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் நிறுவனம் பங்குச் சந்தையில் உள்ளதென்றால், இணைப்பு ஒப்பந்தம் பொது ஆவணமாக வெளியிடப்பட்டிருக்கும். அதில் ஊழியர்களுக்கு ஒதுக்கிய, இன்னும் கைக்கு வராத பங்குகளுக்கு என்ன ஆகும், ஊதியமும் சலுகைகளும் எத்தனை மாதங்கள் மாறாமலிருக்கும் என்ற இரு பிரிவுகளைத் தேடிப் படியுங்கள். புரியாவிட்டால் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். பணிநீக்க இழப்பீடு குறித்து மேலாளர் வாய்மொழியாகச் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். அலுவலகத்துக்குள் காதில் விழுந்ததை வைத்துப் பங்கை வாங்கவோ விற்கவோ வேண்டாம், நண்பர்களிடம் சொல்லவும் வேண்டாம். வெளியாகாத தகவலைக் கொண்டு வணிகம் செய்வது பெரும்பாலான நாடுகளில் தண்டனைக்குரிய குற்றம். செய்த வேலையின் பட்டியலை, நிறுவன ரகசியம் எதுவும் கலக்காமல், இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.