தலைப்புப்பட்டையை நீக்கியதும் சாளரம் ஏன் முரண்டு பிடிக்கிறது?

கேள்வி: எங்கள் அச்சகத்தில் அன்றைய வேலைகளைக் காட்டும் சிறிய சாளரம் ஒன்றைப் பைதான் நிரல்மொழியின் சாளரக் கருவித்தொகுப்பான டிகே-இன்டரில் எழுதியிருக்கிறேன். திரையின் கீழ் வலது மூலையில், எல்லாவற்றுக்கும் மேலாக, தலைப்புப்பட்டை இல்லாமல் அது நிற்க வேண்டும். இதற்காக ஓவர்ரைடு-ரீடைரக்ட் கட்டளையைச் சேர்த்ததிலிருந்து சாளரத்தை நகர்த்த முடியவில்லை. டாஸ்க்பாரிலும் அதைக் காணவில்லை. லினக்ஸ் கணினியில் தேடல் பெட்டிக்குள் தட்டச்சும் விழுவதில்லை. தரவைப் புதுப்பிக்கும்போது சாளரம் உறைந்தும் போகிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதல் மூன்று தொல்லைகளுக்கும் வேர் ஒன்றுதான். ஒரு சாளரத்தின் உட்பகுதியை மட்டுமே உங்கள் நிரல் வரைகிறது. தலைப்புப்பட்டை, விளிம்பு, மூடும் பொத்தான், இழுத்து நகர்த்தும் வசதி, டாஸ்க்பாரில் ஓர் இடம், விசைப்பலகை எந்தச் சாளரத்துக்கு உரியது என்ற முடிவு ஆகிய அனைத்தும் இயங்குதளத்தின் சாளர மேலாளர் கையில் இருக்கின்றன. ஓவர்ரைடு-ரீடைரக்ட் பட்டையை மட்டும் மறைக்கும் கட்டளை அன்று. இந்தச் சாளரத்தின் பக்கமே வர வேண்டாம் என்று மேலாளரை விலக்கிவைக்கும் கட்டளை. 1987இல் வெளிவந்த எக்ஸ்11 சாளர அமைப்பிலிருந்து வந்த இந்த வசதி, மெனு, டூல்டிப் (சுட்டியை மேலே வைத்ததும் எழும் சிறு குறிப்பு) போலத் தோன்றிச் சில நொடிகளில் மறைந்துவிடும் சாளரங்களுக்குப் பொருந்துவது. நாள் முழுவதும் திரையில் நின்று, தட்டச்சும் ஏற்க வேண்டிய ஒரு சாளரத்துக்கு இதைப் பயன்படுத்தினால், மேலாளர் செய்துவந்த வேலைகளை எல்லாம் நீங்களே எழுத வேண்டிவரும்.

ஆகவே அந்த வரியை நீக்கிவிடுங்கள் என்பதே என் முதல் பரிந்துரை. விண்டோஸில், சாளரத்தின் பண்புகளை அமைக்கும் ஆட்ரிபியூட்ஸ் கட்டளையின் டூல்விண்டோ பண்பை இயக்கினால், மூடும் பொத்தான் மட்டும் கொண்ட மெல்லிய பட்டை கிடைக்கும். இழுத்து நகர்த்தலாம், தட்டச்சும் தடைபடாது. இந்த வகைச் சாளரமும் டாஸ்க்பாரில் தோன்றாது என்றாலும், எப்போதும் கண்ணெதிரே நிற்கும் சாளரத்துக்கு அது ஓர் இழப்பில்லை. லினக்ஸில் இந்தப் பண்பு கிடையாது. அங்கே டைப் பண்புக்கு ஸ்பிளாஷ் என்ற மதிப்பைக் கொடுங்கள். பல சாளர மேலாளர்கள் அதைப் பட்டையின்றிக் காட்டும், ஆனால் தங்கள் பொறுப்பிலேயே வைத்திருக்கும். ஒவ்வொரு மேலாளரும் இதைத் தன் போக்கில் பொருள்கொள்வதால், அச்சகத்துக் கணினியிலேயே சோதித்துப் பாருங்கள்.

பட்டை அறவே கூடாது என்று உறுதியாக இருந்தால், மூன்று வேலைகளை நீங்கள் ஏற்க வேண்டும். சுட்டியை அழுத்தும்போது, சாளரத்துக்குள் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, இழுக்கும் ஒவ்வொரு நகர்விலும், திரையைப் பொறுத்த சுட்டியின் இடத்திலிருந்து அந்த அளவைக் கழித்து, வரும் விடையைச் சாளரத்தின் புதிய இடமாக ஜியோமெட்ரி கட்டளைக்குத் தர வேண்டும். மூடுவதற்கு ஒரு பொத்தானை நீங்களே வைக்க வேண்டும். தலைப்புப்பட்டையின் மூடும் பொத்தானை நம்பி எழுதிய சேமிப்பு வேலைகளை நீங்கள் வைக்கும் பொத்தானின் செயல்கூறுக்குள்ளும் (ஃபங்ஷன்) அழைக்க மறவாதீர்கள். தேடல் பெட்டியைச் சொடுக்கும்போது ஃபோக்கஸ்-ஃபோர்ஸ் கட்டளையை அழைத்தால் தட்டச்சு விழும். ஆனால் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அதை அழைத்துவிடாதீர்கள்; வேறு சாளரத்தில் தட்டச்சு செய்துகொண்டிருப்பவரிடமிருந்து விசைப்பலகையைப் பறிப்பது பெரும் தொந்தரவு.

எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பதற்கு டாப்மோஸ்ட் பண்பு போதும். இடத்தைப் பொறுத்தவரை, ஜியோமெட்ரியில் கழித்தல் குறியிட்டு எழுதும் எண்கள் வலது விளிம்பிலிருந்தும் கீழ் விளிம்பிலிருந்தும் அளக்கப்படும் என்பதால் திரையின் அகலத்தை நீங்கள் கணக்கிட வேண்டியதில்லை. கீழ் விளிம்பு என்பது டாஸ்க்பாரையும் சேர்த்த முழுத் திரையின் விளிம்பு. திரையின் உருப்பெருக்க அளவு (ஸ்கேலிங்) 100 சதவீதமாக இருக்கும்போது டாஸ்க்பாரின் உயரம் விண்டோஸ் 10இல் 40 பிக்சல், விண்டோஸ் 11இல் 48 பிக்சல். எனவே கீழிருந்து 60 விட்டால் சாளரம் அதன்மேல் ஏறாது. இந்தப் பண்புகளை எல்லாம் கொடுப்பதற்கு முன் விட்ரா கட்டளையால் சாளரத்தை மறைத்துவைத்து, முடிந்தபின் டீஐகானிஃபை கட்டளையால் காட்டினால், அது ஓரிடத்தில் தோன்றி மூலைக்குத் தாவும் காட்சி இருக்காது. டைப் பண்பையும் சாளரம் திரைக்கு வருமுன்பே கொடுத்துவிட வேண்டும்.

உறைந்துபோவது தனிச் சிக்கல். சாளரம் வரையப்படுவதும் சொடுக்குக்குப் பதில் தருவதும் மெயின்லூப் என்னும் ஒரே சுழலில் நடக்கின்றன. அதற்குள் ஸ்லீப் கட்டளையோ நீண்ட தரவுத்தள வாசிப்போ வந்தால், அது முடியும்வரை எல்லாமே நிற்கும். ஸ்லீப்புக்குப் பதிலாக ஆஃப்டர் கட்டளையைப் பயன்படுத்தி, 30,000 மில்லி நொடிக்குப் பின் புதுப்பிக்கும் செயல்கூறை அழைக்கச் சொல்லுங்கள். அந்தச் செயல்கூறு தன் கடைசி வரியில் மீண்டும் ஆஃப்டரை அழைக்க வேண்டும். அங்கே செயல்கூறின் பெயரை அடைப்புக்குறி இல்லாமல் தர வேண்டும். அடைப்புக்குறி சேர்ந்தால் காத்திருக்காமல் அப்போதே ஓடி, தன்னைத்தானே முடிவின்றி அழைத்துக்கொள்ளும். வாசிப்பே பல நொடிகள் எடுக்குமானால் அதை மெயின்லூப்புக்கு இணையாக ஓடும் ஒரு தனி இழையில் (த்ரெட்) நடத்தி, விடையை ஒரு வரிசையில் (கியூ) போட்டுவையுங்கள். சாளரத்தின் உறுப்புகளை அந்த இழை நேரடியாகத் தொடக் கூடாது. வரிசையிலிருந்து எடுத்துக் காட்டும் வேலை ஆஃப்டர் அழைக்கும் செயல்கூறுக்கு மட்டுமே உரியது.