இசை டீச்சர் பதில்கள்: சுசான்னா பாட பியானோ வேண்டுமா?

கேள்வி: டீச்சர், எனக்கு 27 வயது. சர்ச் பாடகர் குழுவில் சோப்ரானோ (பெண்களின் உயர்ந்த குரல்) பாடுகிறேன். டோ-ரே-மி எழுத்துகளில் எழுதும் டோனிக் சோல்ஃபா சரளமாக வரும், ஐந்து கோடுகளில் எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷன் தடுமாற்றம்தான். மொசார்ட்டின் ஃபிகாரோ என்ற ஆப்பராவில் (இசை நாடகத்தில்) பணிப்பெண் சுசான்னாவின் பாகத்தை முழுதாகக் கற்க ஆசை. யூடியூப் கேட்டுப் பாடினால் போதாதா? பியானோவும் தெரிய வேண்டுமா?
– ஒரு வாசகி, ராணிப்பேட்டை

பதில்: முதல் மூன்று மாதம் யூடியூப் பக்கமே போகாதீர்கள் அம்மா. நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. வேலூர் தோட்டப்பாளையம் வீட்டில், என் இருபதுகளில், கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி ஒரு ஆரியா (ஆப்பராவில் ஒருவர் தனியாகப் பாடும் பாட்டு) கற்றேன். அந்தப் பாடகி மூச்சு வாங்கிய இடத்தில் எல்லாம் நானும் வாங்கினேன். அவர் மூச்சின் நீளம் வேறு, என்னுடையது வேறு. காதில் தவறாக விழுந்த இரண்டு சுரங்களை மாற்ற ஒரு வருடம் ஆயிற்று.

ஆப்பரா பாடகர்கள் பலர் புதிய பாகத்தை வசனத்திலிருந்துதான் தொடங்குவார்கள். ஒவ்வொரு இத்தாலியச் சொல்லுக்கும் கீழே பென்சிலால் தமிழ்ப் பொருள் எழுதுங்கள், எதிரில் பாடுபவரின் வரிகளுக்கும் சேர்த்து. பிறகு நாடக வசனம்போல உரக்கப் பேசுங்கள். அப்புறம் அதையே தாளத்தோடு சொல்லுங்கள். மெட்டு கடைசியில் வரட்டும். இத்தாலிய மொழியில் இரட்டித்து வரும் மெய்யெழுத்தை அழுத்திச் சொல்லாவிட்டால் பொருளே மாறிவிடும்: நோனோ என்றால் ஒன்பதாவது, நோன்னோ என்றால் தாத்தா. படம், பட்டம் என்று பேசி வளர்ந்த நாக்குக்கு இது சுலபம். வேலூருக்கு வரும் பேருந்திலேயே முணுமுணுத்துப் பழகலாம்.

இனி பியானோ. வோக்கல் ஸ்கோர் என்ற புத்தகத்தில் மேலே பாடகர்களின் வரிகளும், கீழே ஆர்க்கெஸ்ட்ரா முழுவதையும் சுருக்கிய பியானோ வரிகளும் இருக்கும். அந்தக் கீழ்ப்பகுதியை நீங்கள் முழுதாக வாசிக்க வேண்டியதில்லை. ஆப்பரா அரங்குகளில் அதற்கென்றே ஒரு பியானோ கோச் இருப்பார். ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பதில் வாசிப்பார், மற்றவர் வரிகளைப் பாடிக் காட்டுவார், உச்சரிப்பையும் திருத்துவார். வீட்டில் அந்த வேலையை உங்கள் இடது கை செய்யட்டும்.

முதல் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். சுசான்னாவை மணக்கப்போகும் ஃபிகாரோ கட்டில் போட அறையை அளக்கிறான்: ஐந்து, பத்து, இருபது, முப்பது, முப்பத்தாறு, நாற்பத்து மூன்று. சுசான்னா கண்ணாடி முன்னால் நின்று தன் தொப்பியைப் பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். முதலில் வலது கையில் உங்கள் வரியை மட்டும் வாசியுங்கள், பாட வேண்டாம். மறுநாள் இடது கையில் ஃபிகாரோ எண்களைப் பாடும் மெட்டை வாசித்துக்கொண்டே உங்கள் வரியைப் பாடுங்கள். அவன் எண்ணிக்கை எங்கே நிற்கிறது, நீங்கள் எங்கே நுழைகிறீர்கள் என்பது அப்போது கைக்கே தெரிந்துவிடும். அது வந்த பிறகு எண்களை விட்டுவிட்டு பியானோ வரியின் பேஸ் (அடிப்பக்கக் கீழ்) சுரங்களை மட்டும் வாசியுங்கள். தினம் இருபது நிமிடம், எட்டே எட்டு பார் (தாளக் கட்டம்). நோட்டேஷன் தடுமாற்றமும் இதிலேயே குறையும். ஜி மேஜர் ஸ்கேலையும் இரண்டு கையிலும் வாசித்துப் பழகுங்கள், இந்த டூயட் அந்த ஸ்கேலில்தான் இருக்கிறது.

ஒரே ஒரு கண்டிப்பு. கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தொடாதீர்கள். சர்ச்சில் கீர்த்தனையைப் பாடுபவர் குரலுக்கு ஏற்ப இறக்கிக்கொள்கிறோம். ஆப்பராவில் பொதுவாக எழுதிய சுருதியில்தான் ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கும். குரல் அந்த உயரத்திலேயே பழக வேண்டும். மூன்று மாதம் கழித்து யூடியூப் கேளுங்கள், ஒருவரை அல்ல, நான்கைந்து பேரை.

கேள்வி: பாட்டுப் பயிற்சிக்கு 61 கீ கீபோர்டு போதுமா, 88 கீ வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: குரல் பயிற்சிக்கு 61 போதும். அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் கூடிக் குறையும் டச் வசதி இருக்கிறதா என்று கடையிலேயே வாசித்துப் பாருங்கள். பேட்டரியிலும் ஓடினால் நல்லது, கரண்ட் போனாலும் பயிற்சி நிற்காது.