செர்பியாவில் என்ன சாப்பிடலாம்? வாசகர் கேள்விகள்

செப்டம்பரில் செர்பியா போய் வந்ததைப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் மூன்று.

கேள்வி: செர்பியா என்றாலே செவாப்பி, ப்ளெஸ்கவித்சா என்று சுட்ட கறியைத்தான் காட்டுகிறார்கள். நான் சுத்த சைவம். அங்கே போனால் பட்டினிதானா?

இல்லவே இல்லை. கறிக்குப் பேர்போன நாடுதான், லெஸ்கோவத்ஸ் பக்கம் போனால் கரி அடுப்பில் சுடும் வாசனை தெருமுனையிலேயே வந்துவிடும். ஆனால் அங்கே பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். புதன், வெள்ளி, அப்புறம் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் முந்தைய வாரங்கள் எல்லாம் விரத நாட்கள், கறி, முட்டை, பால் எதுவும் கூடாது. எல்லோரும் விரதம் இருப்பதில்லை என்றாலும் அந்தச் சமையல் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பெயர் 'போஸ்னோ'. இந்த ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். போஸ்னோவில் மீன் வரலாம், அதனால் 'பெஸ் ரிபே', அதாவது மீன் இல்லாமல், என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

முதலில் 'ப்ரெப்ரனாத்ஸ்' கேளுங்கள். வெள்ளை பீன்ஸை வேகவைத்து, நிறைய வெங்காயம் வதக்கிச் சேர்த்து, சிவப்பு மிளகாய்த்தூள் தூவி, மண்சட்டியோடு ஓவனில் வைத்து எடுப்பார்கள். மேலே லேசாக முறுகலாக, உள்ளே குழைவாக இருக்கும். 'பாசுல்' என்பதும் பீன்ஸ்தான், ஆனால் அதில் புகையிட்ட கறி போடுவது வழக்கம், விசாரிக்காமல் வாங்காதீர்கள். பால் சாப்பிடுவீர்கள் என்றால் கய்மாக்கை விடவே கூடாது: காய்ச்சிய பாலின் ஆடையை அடுக்கடுக்காக எடுத்து உப்புப் போட்டு வைத்தது. சூடான லெபின்யா ரொட்டியைப் பிட்டு அதில் தடவினால் உருகி ஓடும். எனக்குப் பல நாள் காலைச் சாப்பாடே அதுதான்.

கேள்வி: மது தொடமாட்டேன். யார் வீட்டுக்குப் போனாலும் ரக்கியா குடித்தே ஆகவேண்டுமாமே?

ஊற்றித் தருவார்கள், அது உண்மை. ரக்கியா என்பது பழத்தில் காய்ச்சும் சாராயம், அதில் பிளம் பழத்தில் காய்ச்சும் ஷ்லிவோவித்சாவுக்குத்தான் தனி மரியாதை. அதைக் காய்ச்சும் முறையும் அதைச் சுற்றிய வழக்கங்களும் 2022இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ஆனால் குடிக்கமாட்டேன் என்று முதலிலேயே சிரித்த முகமாகச் சொல்லிவிட்டால் போதும். நான் தங்கிய வீட்டு அம்மா உடனே ஒரு தட்டில் 'ஸ்லாட்கோ' கொண்டுவந்தார்: சர்க்கரைப் பாகில் ஊறிய முழுப் பழம், ஒரு சின்னக் கரண்டி, பக்கத்தில் ஒரு கிளாஸ் குளிர்ந்த தண்ணீர். ஒரு கரண்டி எடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும், அதுதான் முறை.

குடிப்பவர்கள் எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்து 'ஜிவெலி', அதாவது சியர்ஸ், சொல்லிவிட்டு மெதுவாக உறிஞ்சுங்கள், வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம்.

கேள்வி: ஊருக்கு வாங்கி வர எது நல்லது?

அய்வார். யோசிக்கவே வேண்டாம். இலையுதிர் காலத்தில் சிவப்புக் குடைமிளகாயை மூட்டை மூட்டையாக வாங்கி, தோல் கருகும்வரை சுட்டு, மூடிவைத்துப் புழுங்கவிட்டு, ஒவ்வொன்றாகத் தோலுரிக்கிறார்கள். நான் தங்கிய வீட்டு அம்மாவின் விரல் நுனியெல்லாம் கருப்பாக இருந்தது. பிறகு அரைத்து, எண்ணெய் ஊற்றி மணிக்கணக்கில் கிளறுவார்கள். கரண்டியை இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரிய வேண்டும், நம் தொக்குப் பதம்தான். காரம் வேண்டுமென்றால் 'லியூட்டி' என்று போட்ட ஜாடி, வேண்டாமென்றால் 'ப்லாகி'. கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள், துணியில் நன்றாகச் சுற்றிப் பெரிய பெட்டியில் போடுங்கள்.