அடக்கம் 174, கேட்பது 150: ஆர்டரை எடுக்கலாமா?

கேள்வி: கோவை கணபதியில் நான்கு சி.என்.சி. லேத் (கணினி கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷின்) வைத்து, பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், புஷ், ஃபிளாஞ்ச் செய்து கொடுக்கிறேன். இரண்டு ஷிஃப்ட். கணக்கர் போட்ட தாளின்படி ஷாஃப்ட் அடக்கம் 174 ரூபாய், விற்பது 195. புஷ் அடக்கம் 58, விற்பது 62. ஃபிளாஞ்ச் அடக்கம் 500, விற்பது 520. புதிய பார்ட்டி ஒருவர் மாதம் 2,000 ஷாஃப்ட் கேட்கிறார். 150 ரூபாய்க்கு மேல் தர மாட்டாராம். 60 நாள் கடன் வேறு. பீஸுக்கு 24 ரூபாய் நட்டம், வேண்டாம் என்கிறார் கணக்கர். புஷ்ஷில் நான்கு ரூபாய்தான் நிற்கிறது, அதை நிறுத்திவிடலாம் என்றும் சொல்கிறார். தாளை இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: தாளில் கூட்டல் பிழை ஏதும் இல்லை. ஆனால் அதை வைத்து அவர் சொல்லும் இரண்டு முடிவுகளும் தவறு. புஷ்ஷை நிறுத்தினால் உங்கள் பட்டறை நட்டத்துக்குப் போய்விடும். எப்படி என்று பிறகு காட்டுகிறேன். முதலில் அந்த 174ஐப் பிரிப்போம்.

இ.என்.8 எஃகுக் கம்பி 90 ரூபாய். இன்சர்ட் (வெட்டும் முனை), கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்), ஓடும் நேரத்துக்கான கரண்ட் 14. வெளியே கிரைண்டிங் போட 12. பேக்கிங், வண்டி 4. கடைசல் சுருளை விற்று வருவது 6 கழிந்தால் 114. ஒரு ஷாஃப்ட் கூடுதலாகச் செய்தால் உங்கள் கையிலிருந்து கூடுதலாகப் போவது இவ்வளவுதான். மீதி 60 ரூபாய் அந்த ஷாஃப்ட்டால் வந்த செலவே இல்லை. வாடகை 60,000, எட்டு ஆபரேட்டர் சம்பளம் 1,44,000, சூப்பர்வைசரும் ஆபீஸும் 46,000, வங்கி வட்டி 40,000, தேய்மானம் 70,000, மின்சாரத்தின் நிலைக் கட்டணமும் சில்லறையும் 30,000. ஆக மாதம் 3,90,000 ரூபாய். மெஷின் ஓடினாலும் நின்றாலும் இது வந்தே தீரும். (ஆபரேட்டர்களுக்கு மாதச் சம்பளம் என்று எழுதியிருந்ததால் இங்கே சேர்த்தேன். பீஸ் ரேட் என்றால் அது 114 பக்கம் போகும், மொத்தக் கணக்கும் மாறும்.)

உங்கள் கணக்கர் இந்த 3,90,000ஐ, போன மாதம் மெஷின்கள் ஓடிய 975 மணி நேரத்தால் வகுத்திருக்கிறார். மணிக்கு 400. ஷாஃப்ட்டுக்கு 9 நிமிடம், ஆகவே 60 ரூபாய். ஆனால் செட்டிங், டூல் மாற்றம், ரிப்பேர் எல்லாம் போக உங்கள் நான்கு மெஷின்களும் இரண்டு ஷிஃப்டில் சாதாரணமாக 1,300 மணி நேரம் ஓடக்கூடியவை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதால் வகுத்தால் மணிக்கு 300தான். சரக்கு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரநிலை ஏ.எஸ். 2 கூட, நிலையான உற்பத்திச் செலவைச் சாதாரணத் திறனை வைத்தே பங்கிடச் சொல்கிறது. ஆர்டர் இல்லாமல் நின்ற நேரத்தின் சுமையைப் பீஸ் தலையில் ஏற்றக் கூடாது. 325 மணி நேரம் மெஷின் நின்றதற்கான விலை 97,500 ரூபாய். அதைத் தனி வரியாக எழுதி வையுங்கள். மாதாமாதம் கண்ணில் படட்டும். இப்போது அது ஷாஃப்ட்டுக்குள்ளும் புஷ்ஷுக்குள்ளும் ஒளிந்துகொண்டு, அவற்றை விலை போகாத சரக்காகக் காட்டுகிறது.

இனி 150 ரூபாய் ஆர்டர். 150இல் 114 போக நிற்பது 36. செலவுக் கணக்கில் இதைப் பங்களிப்பு என்போம்; வாடகைக்கும் சம்பளத்துக்கும் அந்தப் பீஸ் கொண்டுவந்து கொடுக்கும் பணம். இதிலிருந்து இந்த ஆர்டரால் மட்டும் வரும் செலவுகளைக் கழிக்க வேண்டும். புதிய வேலையில் நூற்றுக்கு இரண்டு ரிஜெக்ட் ஆகும் என்று வைத்தால் பீஸுக்கு இரண்டே கால் ரூபாய். 60 நாள் கடனில் உங்கள் கைப்பணம் 4,56,000 ரூபாய் முடங்கும். வருடத்துக்கு 12 சதவீத வட்டி என்றால் மாதம் 4,560, அதாவது பீஸுக்கு இன்னொரு இரண்டே கால். 31 ரூபாய் நிற்கிறது. 2,000 பீஸுக்கு 62,000. ஆர்டருக்குத் தேவை 300 மணி நேரம், சும்மா கிடப்பது 325. ஆகவே இன்றைய நிலையில் எடுக்கலாம். தாளின்படி வரும் உங்கள் மாத லாபம் 94,000இலிருந்து ஏறத்தாழ 1,56,000க்குப் போகும். நட்டம் என்று தாள் சொன்ன ஆர்டர்தான் இது.

ஒன்று கவனியுங்கள். மணிக்கு 300 என்று வைத்தாலும் ஷாஃப்ட்டின் முழு அடக்கம் 159 வருகிறது. ஆக 150 என்பது நின்ற மெஷினை ஓட்டுவதற்கான விலை மட்டுமே. இந்த விலையை நம்பி ஐந்தாவது மெஷின் வாங்கினாலோ மூன்றாவது ஷிஃப்ட் போட்டாலோ, இதுவரை நான் எழுதிய கணக்கு செல்லாது. அங்கே புதிய வட்டி, புதிய சம்பளம் எல்லாமே இந்த ஆர்டரின் செலவாகிவிடும்.

புஷ் விஷயத்துக்கு வருகிறேன். நான்கு ரூபாய் என்பது உங்கள் கணக்கரை ஏமாற்றியதில் வியப்பில்லை. பலரையும் ஏமாற்றும் எண் அது. புஷ்ஷின் மாறும் செலவு (ஷாஃப்ட்டுக்கு 114 போல, ஒன்று கூடுதலாகச் செய்தால் கூடும் செலவு) 38, பங்களிப்பு 24. ஒன்றுக்கு 3 நிமிடம், மணிக்கு 20 புஷ், ஆக மணிக்கு 480 ரூபாய். ஃபிளாஞ்ச் பங்களிப்பு 220, பார்க்கப் பெரிதுதான். ஆனால் ஒன்று செய்ய அரை மணி நேரம் பிடிக்கிறது. மணிக்கு 440. ஒரு பீஸில் 20 ரூபாய் லாபம் காட்டும் ஃபிளாஞ்சைவிட 4 ரூபாய் காட்டும் புஷ், மெஷின் நேரத்துக்கு அதிகம் தருகிறது. பழைய விலை ஷாஃப்ட் மணிக்கு 540. நீங்கள் ஷாஃப்ட்டையும் புஷ்ஷையும் விற்பதாகத் தோன்றினாலும் உண்மையில் விற்பது மெஷின் மணியைத்தான். ஒப்பிட வேண்டியதும் அதைத்தான்.

சரி, நிறுத்திவிட்டால்? மாதம் 5,000 புஷ் கொண்டுவரும் 1,20,000 ரூபாய் போய்விடும். கட்டட உரிமையாளர் வாடகையில் ஒரு ரூபாய் குறைக்க மாட்டார். அதே 3,90,000, இப்போது 725 மணி நேரத்தின் மேல் உட்காரும், மணிக்கு 538. அடுத்த மாதத் தாளில் ஃபிளாஞ்ச் அடக்கம் 569 என்று வரும், விற்பது 520. கணக்கர் அதையும் நிறுத்தச் சொல்வார். ஷாஃப்ட்டில் சில்லறைக் காசுதான் மிஞ்சும். 94,000 லாபம் 26,000 நட்டமாக மாறியிருக்கும். விட்ட இடத்தில் ஃபிளாஞ்ச் ஆர்டர் உடனே நிரம்பினால் இவ்வளவு மோசம் ஆகாது. ஆனால் ஃபிளாஞ்ச் ஆர்டர் கையில் இருந்திருந்தால் 325 மணி நேரம் ஏன் நிற்கிறது?

கோடை வந்தால் கதை வேறு. பிப்ரவரியிலிருந்து பம்ப் கம்பெனிகள் விரட்டும். உங்கள் 1,300 மணி நேரமும் நிரம்பிவிடும். அப்போது புதிய பார்ட்டியின் ஷாஃப்ட், ரிஜெக்ட்டும் வட்டியும் கழிக்காமலே, மணிக்கு 240தான் தரும். அதற்காக 440 தரும் ஃபிளாஞ்சை ஒதுக்கினால் மணிக்கு 200 வீதம், 300 மணி நேரத்துக்கு 60,000 ரூபாய் கை நழுவும். அந்த இழப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறாது. நவம்பரில் சரியான ஆர்டர் மார்ச்சில் தப்பான ஆர்டர் ஆவது இப்படித்தான்.

விலை சொல்லுமுன் ஒரு வேலை பாக்கி. அந்த 9 நிமிடம் எங்கிருந்து வந்தது? மெஷின் பேனலில் காட்டும் சைக்கிள் டைம் என்றால் நம்பாதீர்கள். சக் (கம்பியைப் பிடிக்கும் பகுதி) திறந்து, கம்பி மாற்றி, ஏர் கன் அடித்து, மைக்ரோமீட்டரில் பியரிங் இடத்தை அளந்து, ஆஃப்செட் (டூலின் இட அளவு) திருத்தும் நேரம் அதில் வராது. கையில் வாட்ச்சுடன் இரவு ஷிஃப்டில் ஒரு மணி நேரம் நில்லுங்கள், நல்ல பீஸ் எத்தனை விழுகிறது என்று எண்ணுங்கள். பகல் ஷிஃப்டில் முதலாளி பக்கத்தில் நின்றால் எல்லாருக்கும் கை வேகமாக ஓடும். 9 நிமிடம் 11 ஆகிவிட்டால் 2,000 பீஸுக்கு ஏறத்தாழ 367 மணி நேரம் வேண்டும். இருக்கும் 325இல் அடங்காது. மிச்சத்துக்கு ஓவர்டைம் என்றால் இரட்டைக் கூலி. அந்த நிலையில் 1,700 பீஸுக்கு மட்டும் ஒப்புக்கொள்வது நல்லது.

விலைப்புள்ளியை வாய்மொழியாகச் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். 150 ரூபாய், மாதம் 2,000 பீஸ் வரை, ஜனவரி 31 வரை மட்டும். அதற்குப் பிறகு புதிய விலை. முடிந்தால் கம்பியை அவரே தரட்டும், நீங்கள் கடைசல் கூலி மட்டும் வாங்குங்கள். முடங்கும் பணம் குறையும். 195 கொடுக்கும் பழைய பார்ட்டி காதில் 150 என்ற எண் விழும் ஆபத்தும் குறையும். கூலி விலையும் சரக்கு விலையும் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாதவை. பழையவர் பத்து ரூபாய் குறைக்கச் சொன்னால் அவருடைய 3,000 ஷாஃப்ட்டில் 30,000 போகும், புதிய ஆர்டரில் வந்ததில் பாதி.

60 நாள் கடனுக்குத் தலையாட்ட வேண்டாம். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பெற்ற குறு, சிறு நிறுவனமாக இருந்தால் 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சிடுங்கள். அவரிடம் பணம் வருமுன்பே, பில் போட்ட மறுமாதம் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியவர் நீங்கள்தான். அந்தத் தொகைக்கும் இப்போதே கைப்பணம் ஒதுக்கிவிட்டு, பிறகு பார்ட்டியைக் கூப்பிடுங்கள்.